வாங்க என்று சொல்லாத காட்சி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். ராணியும் சுகம்தான், ஆனால் உன் படத்தில் தலைகாட்டிய பிறகு அவளுக்குக் கிராக்கி கூடிவிட்டது. தெருவில் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று, "படத்துல வந்த நாய் இதுதானா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். எட்ட நின்றுதான் விசாரிக்கிறார்கள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிற நாய் இது என்று நான் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பது?

நீ போனில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த அரைமணி நேரப் படத்தைப் பெரிய படமாக எடுக்கப் போவதாகவும், அந்தப் பண்ணையாராக நானே நடிக்க வேண்டும் என்றும் கேட்டாய். நான் "ம்" என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ இரண்டு மூன்று தடவை பேசினாய், நான் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினேன். உன் படத்தில் வயலுக்குத் தண்ணீர் கேட்டு வந்தவனுக்கு அந்தப் பண்ணையார் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறானே, அதே மாதிரி நானும் உனக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நேற்றுத்தான் உறைத்தது. உறைத்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். எனக்குக் கோபம் இல்லை, மகனே. கோபமாக இருந்திருந்தால் ஒரு போன் போதும். இது குழப்பம். குழப்பத்தைப் போனில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பண்ணையாராக நடிக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று நீ கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். "அப்பா, நீங்க ஒண்ணும் நடிக்க வேண்டாம். எப்பவும் உக்கார்ற மாதிரி உங்க நாற்காலியில உக்காந்து காப்பி குடிங்க, போதும்" என்றாய். மகன் கஷ்டத்தில் இருக்கிறான், உட்காருவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டியிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை எல்லாம் என்னுடையதுதான். வீடு நம் வீடு. நாய் நம் நாய். நாற்காலி நான் தினமும் பேப்பர் படிக்கிற கைவைத்த நாற்காலி. இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

ஆனால் அதிலேயே நான் தடுமாறினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். சென்னையிலிருந்து வந்த அந்த நடிகர் சோழபுரத்து வெள்ளாமைச் சம்சாரி மாதிரி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படி ஏறி வந்ததுமே, நான் எழுந்து "வாங்க, வாங்க" என்றேன். நீ கட் என்றாய். அடுத்த தடவை எழுந்திருக்கவில்லை, ஆனால் "உக்காருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மறுபடியும் கட். எல்லாரும் சிரித்தார்கள். எத்தனை தடவை எடுத்தாய் என்று எனக்கு நினைவில்லை. காப்பி ஆறிப்போனதுதான் நினைவிருக்கிறது. கடைசியில் நீ என் பக்கத்தில் வந்து குனிந்து, "அப்பா, அவர்கிட்ட வாங்கன்னு சொல்லாதீங்க. அவரைப் பாக்கவும் வேண்டாம்" என்றாய். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காமல் இருப்பது எனக்கு வேட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறிய காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போட வேறு மறந்திருந்தார்கள். நீ "சூப்பர்ப்பா" என்று கட்டிப்பிடித்தாய். நீ என்னைக் கட்டிப்பிடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபத்துக்கு வருகிறேன். திரையைக் கட்டி, விளக்கை அணைத்து, உன் படத்தைப் போட்டீர்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அந்தப் பக்கம் உன் அம்மா, இந்தப் பக்கம் பெருமாள்சாமி. நம் சோழபுரத்துத் தோப்புக்கு அடுத்த வயல்காரர், நீ சின்ன வயதிலிருந்து பார்க்கிற மனிதர்தான். "அண்ணாச்சி நடிச்ச படம், நான் வராம யாரு வருவா?" என்று என் வண்டியில் பின்னால் ஏறி வந்தார். நான்தான் அவரைக் கூப்பிட்டேன். யார் கதை என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா? கோடையில் தண்ணீர் கேட்டு அடுத்த வீட்டுப் படி ஏறாத சம்சாரி இந்தப் பக்கத்தில் உண்டா? ஏதோ பொதுக்கதை என்றுதான் நினைத்தேன்.

திரையில் முதலில் ராணியின் கண் வந்தது. அந்தக் கண்ணுக்கு அடுத்ததாக, வேர்வை வழிகிற அந்த மனிதரின் தொண்டை. கழுத்தைக் கவ்வப்போகிறது என்று பின்னால் ஒரு அம்மா "ஐயோ" என்றே சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் ராணி அப்போது பார்த்துக்கொண்டிருந்தது கேமராக்காரப் பெண் கையில் வைத்திருந்த பிஸ்கட்டை. அது நான் கண்ணால் கண்டது. பிறகு என் முகம் வந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறிய காப்பிக்குச் சுளித்த முகம் அது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில், அந்த மனிதர் "ஒரு ராத்திரித் தண்ணி மட்டும் விடுங்கய்யா" என்று கேட்டு முடித்த பிறகு அந்தச் சுளிப்பு வந்தபோது, ஒரு மனிதனைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்க்கிற சுளிப்பாக இருந்தது. பிஸ்கட் பார்த்த நாய்க்கும் காப்பி குடித்த எனக்கும் ஒரே தண்டனை கொடுத்துவிட்டாய்.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த நடிகர் என்னைவிட ஒரு முழம் உயரம். வீட்டுக்குள் வரும்போது நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் வந்தார். நான் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றிருந்தார். இருந்தும் திரையில் நான் மலை மாதிரி இருந்தேன், அவர் மலையடியில் நிற்கிற மாதிரி இருந்தார். அவரை எடுக்கும்போது நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறி மேலேயிருந்து எடுத்தீர்கள், என்னை எடுக்கும்போது கேமராவைத் தரையோடு தரையாக ஒரு மணல்மூட்டை மேல் வைத்தீர்கள். என் முழங்கால் தூண் மாதிரி இருந்தது. மோவாயே பாதி முகத்தை மறைத்தது. கீழேயிருந்து பார்த்தால் யாருக்கும் மூக்குத் துவாரம்தான் பெரிதாகத் தெரியும், இதில் என் குற்றம் என்ன? வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் கிழக்கு ஜன்னல். நீ காலையில் எடுத்தாய். அதனால் என் முகம் இருட்டாகவும், எதிரே நின்றவர் முகம் பளிச்சென்றும் இருந்தது. இருட்டில் இருக்கிறவன் கெட்டவன், வெளிச்சத்தில் இருக்கிறவன் நல்லவன் என்று மண்டபம் முழுக்கப் புரிந்துகொண்டது. சாயங்காலம் மேற்கு வாசல் வழியாக வெயில் நேரே என் முகத்தில் விழும், உனக்கே தெரியும். அப்படியென்றால் நான் காலையில் கெட்டவன், சாயங்காலம் நல்லவனா? இதை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

அந்த மனிதர் கடைசியில் "வாரேன்யா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவதை வாசல் கிரில் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே காட்டினாய். அத்தோடு காட்சி முடிந்தது. நான் திகைத்துப்போனேன். படம் பிடித்த அன்றைக்கே நான் உன்னிடம் கேட்டேன், "பொறவு தண்ணி விடற காட்சி எப்பலே எடுப்பே?" என்று. "அது வேண்டாம்ப்பா" என்று மட்டும் சொன்னாய். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது உன் தொழில் என்று விட்டுவிட்டேன். எங்கே நிறுத்துகிறாயோ அங்கேதான் தீர்ப்பும் நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விளக்கைப் போட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். பெருமாள்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணாச்சி, நடிப்பு மாதிரியே தெரியல. அன்னைக்கு எப்படி இருந்தீகளோ அப்படியே இருந்தீக. தம்பி எம்புட்டு ஞாவகம் வச்சிருக்கு பாருங்க!"

"என்னைக்கு?" என்று கேட்டேன்.

"எங் கெணறு வத்திப்போன வருசம். கடலைக்குத் தண்ணி கேட்டு வந்தேன்ல? அது என் கதைதான அண்ணாச்சி? எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, படத்துல அந்த ஆளு செத்த நேரந்தான் நிக்கான். நான் ரொம்ப நேரம்ல நின்னேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, மகனே. தன் கதை திரையில் வந்துவிட்டது என்ற பெருமையில், அதில் விட்டுப்போன ஒரு விவரத்தைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். கூடவே, "ஆனா நீங்க பொறவு தண்ணி விட்டீகளே, அத ஏன் தம்பி எடுக்கல? அந்தத் தண்ணியிலதான அந்த வருசம் பொழைச்சோம்" என்றும் சொன்னார். நீ என்னைக் கூட்டிக் காட்டிவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டவர் வந்து நீ குறைத்துக் காட்டிவிட்டாய் என்கிறார். அதே வாயால் நான் தண்ணீர் விட்டதையும் அவரே சொல்கிறார். நான் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல், "பால்கோவா வாங்கிட்டுப் போவோமா?" என்று கேட்டேன்.

அவரைச் சோழபுரத்தில் இறக்கிவிட்டு நான் வீடு வருவதற்குள் உன் அம்மா பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தாள். அவளிடம் கேட்டேன். "பெருமாள்சாமி தண்ணி கேட்டு வந்த அன்னைக்கு நான் வாங்கன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொல்லியிருப்பீக. நீங்கதான் எல்லாரையும் வாங்கன்னு சொல்லுவீகளே."

"உக்காரச் சொன்னேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அடுப்படியில கெடந்தேன். கிரில் கேட்டுக்குப் பின்னால புள்ளதான் நின்னுக்கிட்டிருந்தான். அவங்கிட்டக் கேளுங்க."

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். எனக்கு அந்த நாள் பாதிதான் நினைவிருக்கிறது. நம் கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்று வாங்க ஆரம்பித்துவிடும். தென்னங்கன்று புதிதாக வைத்திருந்தோம். அவருக்கு விட்டால் கன்று காயும், விடாவிட்டால் அவர் கடலை காயும். இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, கண்ணாடி பார்த்துக்கொண்டு யாரும் யோசிப்பதில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆள் விட்டு, வந்து மடை மாற்றித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். என் கணக்கில் அது நான் நல்லபடியாக நடந்துகொண்ட நாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் அதை மனதில் வைத்திருந்தேன். அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அந்த நினைவில் இல்லவே இல்லை. அவர் நின்றார் என்பதே இல்லை. அந்த நினைவில் தண்ணீர் ஓடுவது மட்டும்தான் இருக்கிறது.

உன் படத்தில் தண்ணீர் இல்லை, அவர் நிற்பது மட்டும் இருக்கிறது. இரண்டில் எது அந்த நாள்?

முந்தாநாள் உன் அம்மா கடைக்குப் போயிருந்தபோது ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். நீ கேமராவை வைத்த இடம் எனக்குத் தெரியும், கிரில் கேட்டை ஒட்டி, மணல்மூட்டை வைத்த தடம் தரையில் இன்னும் லேசாக இருக்கிறது. என் நாற்காலியை அதே இடத்தில் போட்டுவிட்டு, நான் அந்த மூலையில் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கேமரா இருந்த உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். காலை வெயில் ஜன்னலில் இருந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இருந்தும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் தினமும் உட்கார்கிற நாற்காலி அது, ஆனால் அந்த நாற்காலியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அந்த மூலையிலிருந்து பார்த்தால் கைப்பிடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று இந்த இடத்திலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

அப்போதுதான் கிரில் கேட்டின் குறுக்குக் கம்பி என் கண்ணுக்கு நேரே இருப்பதைக் கவனித்தேன். நீ அதைப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் நிற்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து, உள்ளே வராமல், நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்று அங்கிருந்தே பார்ப்பாய். பெயிண்ட் எத்தனை தடவை அடித்தும் அந்த இடத்தில் மட்டும் வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. பண்ணையாரைப் பெரியவனாகக் காட்ட வேண்டும் என்று நீ கேமராவைத் தாழ்த்தி வைத்தாய் என்று நினைத்து உன்மேல் எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன். பெரியவனாகக் காட்டத்தான் வைத்தாயா, அல்லது நீ எங்கே நின்று பார்த்தாயோ அங்கே வைத்தாயா? முதலாவது என்றால் அது உங்கள் தொழில் வித்தை, நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. இரண்டாவது என்றால், நான் உன் அப்பன், கேட்காமல் விட முடியாது. அப்படி என்னை நீ ஒரு நாள்தான் பார்த்தாயா, இல்லை எல்லா நாளுமா?

உன் அம்மா வந்து நான் தரையில் கிடப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, "இங்க என்ன பண்ணுதீக?" என்றாள். "படம் பாத்தேன்" என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு செய்து காப்பி போடப் போய்விட்டாள். இந்தத் தடவை சர்க்கரை சரியாக இருந்தது.

அதிலிருந்து ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. நீ கேட்ட எதையும் நான் இல்லை என்று சொன்னதில்லை. சைக்கிள் கேட்டாய், வந்தது. சினிமா படிக்கப் போகிறேன் என்றாய், இந்த வீட்டில் யாரும் கேள்விப்படாத படிப்பு, அதற்கும் அனுப்பினேன். நீ விரும்பிய பெண்ணைப் பார்க்க நானே சுந்தரபாண்டியத்துக்கு நடையாய் நடந்து சம்பந்தம் பேசினேன். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, நான் ஒரு நல்ல அப்பன் என்று நான் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கும்போது, நீ கேட்ட நாளுக்கும் நான் சரி என்ற நாளுக்கும் நடுவில் சில நாள் இருக்கிறது. அந்த நாள்களில் நான் தோப்புக்குப் போனேன், பேப்பர் படித்தேன், சாப்பிட்டேன், யோசித்தேன். நீ என்ன செய்தாய்? எனக்குத் தெரியாது. பெருமாள்சாமியின் கடலைச் செடி என்ன செய்ததோ அதைத்தான் செய்தாயோ என்னவோ. உன் காட்சி ஏன் தண்ணீர் வருகிற வரைக்கும் போகவில்லை என்று எனக்கு லேசாக விளங்குகிற மாதிரி இருக்கிறது, பிறகு விளங்காமல் போய்விடுகிறது. தண்ணீர் விட்டதும் நான்தானே? அதையும் யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டாமா?

உனக்கு அறிவுரை சொல்கிற இடத்தில் நான் இப்போது இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்காது. உங்கள் பெரிய படத்தில் ஒரு தடவையாவது கேமராவை உட்கார்ந்திருக்கிறவன் கண் உயரத்துக்கு வை. அவனை நல்லவனாகக் காட்டச் சொல்லவில்லை. அவனுக்கு அங்கிருந்து என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று காட்டு. எதிரே நிற்கிறவரின் இடுப்பு வரைக்கும்தான் தெரியும், கால் கடுப்பது தெரியாது. இது நானே உட்கார்ந்து பார்த்துச் சொல்வது. இன்னும் கொஞ்ச மாதத்தில் நீயும் ஒரு நாற்காலியில் உட்காரப் போகிறாய், உன்னைக் கீழேயிருந்து ஒரு ஜீவன் பார்க்கப் போகிறது. நீ சோபாதான் வைத்திருக்கிறாய், அது தாழ்வாக இருக்கும், அதனால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதே. முகத்துக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அடுத்த மாதம் வளைகாப்புக்கு நீங்கள் இங்கே வருகிறீர்கள். மருமகளுக்குப் படி ஏறச் சிரமமாக இருக்கும், கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். பெருமாள்சாமியிடமும் சொல்லிவிட்டேன். சொல்லப் போனபோது அவர் வீட்டில் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் எப்போது போனாலும் உட்கார வைத்துத்தான் பேசியிருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவரிடம் அந்த நாளைப் பற்றி நேராகக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், பிறகு மோர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் பதிலைவிட உன் பதில்தான் எனக்கு முதலில் வேண்டியிருக்கிறது.

நடிக்கிறேனா இல்லையா என்று நீ காத்துக்கொண்டிருப்பாய். நாற்காலியை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, பெருக்க இடைஞ்சலாக இருக்கிறது என்கிறாள், ஆனால் இப்போது காலையிலும் என் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. அதற்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன். இந்த வீட்டில் என்னிடம் எதைக் கேட்க வந்தபோதும் நீ நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறாய், நானும் உன்னை ஒரு தடவைகூட உட்கார் என்று சொன்னதில்லை என்று நினைக்கிறேன். வீட்டுப்பிள்ளையை யார் வாங்க, உட்காருங்க என்று உபசரிப்பார்கள் என்றுதான் இருந்துவிட்டேன்.

வாப்பா. வந்து உட்கார். உட்கார்ந்து கேள். அப்போதே பதில் சொல்கிறேன்.

உன் அப்பா